எந்த வேலைக்கு எந்தச் சில்லு?

ஆம்பூரில் பிறந்தவர்களுக்குத் தோலைப் பற்றிச் சொல்லித்தர வேண்டியதில்லை. எருமைத் தோல் ஷூவின் அடிப்பாகத்திற்கு. மாட்டுத் தோல் மேற்பாகத்திற்கு. ஆட்டுத் தோல் உட்புற லைனிங்குக்கு. செம்மறியாட்டின் மிருதுவான தோல் கையுறைக்கும் கோட்டுக்கும். விலை உயர்ந்தது என்பதற்காக யாரும் கையுறைத் தோலைக் கொண்டு அடிப்பாகம் தைப்பதில்லை. தரம் பிரிப்பவரின் கண்ணில்தான் ஒரு கம்பெனியின் இலாபமும் நட்டமும் இருக்கின்றன என்று நம் வீட்டுப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம். தோலுக்குச் சொல்லப்படும் இந்த நியாயம், நம் பள்ளி அறிவியல் மன்றத்தில் நாங்கள் கையாளும் ஒரு சின்னஞ்சிறு பொருளுக்கும் அப்படியே பொருந்துகிறது. அந்தப் பொருளின் பெயர் மைக்ரோகண்ட்ரோலர். அதை எப்படித் தேர்ந்தெடுப்பது, எப்படிப் பயன்படுத்துவது, எந்த வேலையை அதனிடம் ஒப்படைக்கக் கூடாது என்பவற்றை, இரண்டு ஆண்டுகளாக அந்த மன்றத்தில் கற்றவள் என்ற முறையில், என் தோழியருக்கும் தங்கையருக்கும் சொல்ல விரும்புகிறேன்.

மைக்ரோகண்ட்ரோலர் என்பது என்ன? கணக்குப் போடும் மூளை, எழுதி வைத்துக்கொள்ளும் நினைவகம், வெளியுலகோடு பேசும் கால்கள் ஆகிய மூன்றும் ஒரே சில்லுக்குள் அடங்கிய சிறிய கணிப்பொறி. 1971-இல் இன்டெல் நிறுவனம் வெளியிட்ட 4004 என்ற சில்லில் மூளை மட்டுமே இருந்தது. நினைவகத்தைத் தனியே இணைக்க வேண்டும். 1974-இல் டெக்சாஸ் இன்ஸ்ட்ருமெண்ட்ஸ் நிறுவனம் விற்பனைக்குக் கொண்டுவந்த டி.எம்.எஸ்.1000 அனைத்தையும் ஒரே சில்லில் அடக்கியது. 1980-இல் இன்டெல் வெளியிட்ட 8051 உலகெங்கும் பரவியது; இன்றும் அந்தக் குடும்பத்துச் சில்லுகள் தயாராகின்றன. நம் வீட்டுத் தொலைக்காட்சியின் ரிமோட்டிலும், துணி துவைக்கும் இயந்திரத்திலும், கடைக்காரரின் மின்னணுத் தராசிலும் இப்படியொரு சில்லு சத்தமின்றி வேலை செய்து கொண்டிருக்கிறது.

இத்தகைய சில்லு நம் நாட்டில் செய்யும் மிகப் பெரிய வேலை எது தெரியுமா? வாக்குப்பதிவு. எழுத்தாளர் சுஜாதா என்று நாமெல்லாம் அறிந்த பொறியாளர் எஸ். ரங்கராஜன், பெங்களூர் பாரத் எலெக்ட்ரானிக்ஸ் நிறுவனத்தில் மின்னணு வாக்குப்பதிவு இயந்திரத்தை உருவாக்கிய பணியில் முக்கியப் பங்கு கொண்டவர். அந்த இயந்திரம் முதன்முதலில் 1982-ஆம் ஆண்டு மே மாதம் கேரளத்தின் பரவூர் சட்டமன்றத் தொகுதியில் 50 வாக்குச்சாவடிகளில் பயன்படுத்தப்பட்டது. ஆனால் 1984-இல் உச்ச நீதிமன்றம், இயந்திரத்தில் வாக்களிக்கச் சட்டத்தில் இடமில்லை என்று கூறி அந்தச் சாவடிகளில் மறுவாக்குப் பதிவுக்கு ஆணையிட்டது. 1988-இல் சட்டம் திருத்தப்பட்ட பிறகே இயந்திரத்துக்கு வழி திறந்தது. 2004 நாடாளுமன்றத் தேர்தலில் நாடு முழுவதும் இயந்திரத்திலேயே வாக்களித்தார்கள்.

இந்த வரலாற்றில் நமக்கு இரண்டு பாடங்கள் இருக்கின்றன. ஒன்று, அந்த இயந்திரம் எந்த வலைப்பின்னலோடும் இணைக்கப்படுவதில்லை. கம்பி வழியாகவும் இல்லை, வானொலி அலை வழியாகவும் இல்லை. இன்று சாதாரண விளையாட்டுப் பொருளில்கூட வைஃபை இருக்கும்போது, அது இல்லாமல் இருப்பதே இந்த இயந்திரத்தின் சிறப்பு. ஆகவே, அதிக வசதிகள் கொண்ட சில்லுதான் நல்ல சில்லு என்று எண்ண வேண்டாம். இரண்டாவது பாடம், ஒரு கருவி வேலை செய்தால் மட்டும் போதாது; அதை நம்பலாம் என்று சொல்வதற்குச் சோதனையும் சான்றும் சட்டமும் வேண்டும். இந்த இரண்டாவது பாடத்துக்குப் பின்னால் மீண்டும் வருகிறேன்.

இனி, நம் கைக்கு எட்டும் சில்லுகளைப் பார்ப்போம். அறிவியல் மன்றத்தில் முதலில் அறிமுகமாவது ஆர்டுயினோ ஊனோ என்னும் பலகை. 2005-இல் இத்தாலி நாட்டின் இவ்ரேயா என்ற சிற்றூரில், மின்னணுவியல் படிக்காத வடிவமைப்பு மாணவர்களும் எளிதில் பயன்படுத்த வேண்டும் என்று உருவாக்கப்பட்டது ஆர்டுயினோ. அவ்வூரில் இருந்த, அர்டுயினோ என்ற பழைய அரசரின் பெயரைத் தாங்கிய மதுக்கடையின் பெயரே இதற்கும் வந்தது. ஊனோவின் ஆர்3 பலகையில் உள்ள சில்லு ஏ.டி.மெகா 328பி. ஒரு வினாடிக்கு 1 கோடியே 60 இலட்சம் துடிப்புகள்; நிரலை எழுதி வைக்க 32 கிலோபைட் இடம்; வேலை நடக்கும்போது கணக்கு வைத்துக்கொள்ள 2 கிலோபைட் இடம். இந்த 32 கிலோபைட் எவ்வளவு என்று அறிய ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். கணிப்பொறியில் தமிழ் எழுத்தின் ஒவ்வொரு குறிக்கும் பொதுவாக 3 பைட் இடம் வேண்டும். அப்படியானால் நீங்கள் படித்துக்கொண்டிருக்கும் இந்தக் கட்டுரை முழுவதையும் வைக்க அதில் இடம் போதாது! ஆயினும் ஒரு சிறிய ரோபோவை ஓட்டுவதற்கு அந்த இடம் தாராளம்.

ஊனோவை விடச் சிறியது அட்டைனி 85. எட்டே கால்கள், 8 கிலோபைட் நிரல் இடம். ஒரே ஒரு வேலையை நெடுங்காலம் செய்ய இது போதும். சிறுவகுப்புத் தங்கையருக்கு ஏற்றது மைக்ரோபிட். 2016-இல் பி.பி.சி. நிறுவனம் பிரிட்டனின் ஏழாம் வகுப்பு மாணவர்களுக்கு ஏறத்தாழ 10 இலட்சம் பலகைகளை இலவசமாக வழங்கியது. 25 சிறு விளக்குகள், இரண்டு பொத்தான்கள், அசைவை உணரும் உறுப்பு, திசைகாட்டி எல்லாம் பலகையிலேயே இருப்பதால், கம்பி இணைக்கத் தெரியாத குழந்தையும் முதல் நாளிலேயே ஏதேனும் செய்து மகிழலாம். 2021 ஜனவரியில் 4 டாலர் விலையில் வந்தது ராஸ்பெர்ரி பை பிக்கோ. இரண்டு மூளைகள், 264 கிலோபைட் நினைவிடம். பைத்தான் மொழியிலும் நிரல் எழுதலாம். வைஃபை வேண்டுவோருக்கு ஷாங்காய் நகரின் எஸ்ப்ரெசிஃப் நிறுவனம் தரும் இ.எஸ்.பி.32 இருக்கிறது. நம் நாட்டிலும் முயற்சிகள் நடக்கின்றன. சென்னை ஐ.ஐ.டி.யின் சக்தி திட்டத்தில் 2020-இல் மூஷிக் என்ற சில்லு அறிமுகமாயிற்று. சி-டாக் நிறுவனம் தேஜஸ்32 என்ற சில்லையும், அதைக் கொண்ட ஏரீஸ் பலகைகளையும் உருவாக்கியுள்ளது.

ஒரு குழப்பத்தை இங்கேயே தீர்த்துவிடுகிறேன். ராஸ்பெர்ரி பை என்பது வேறு, ராஸ்பெர்ரி பை பிக்கோ என்பது வேறு. முன்னது ஒரு முழுக் கணிப்பொறி. மின்சாரம் வந்தபின் எழுந்திருக்க நேரம் எடுத்துக்கொள்ளும். திடீரென்று மின்சாரம் போனால் அதன் நினைவட்டை கெட்டுப்போகவும் கூடும். பின்னது மைக்ரோகண்ட்ரோலர், மின்சாரம் வந்ததும் உடனே வேலையைத் தொடங்கும். மின்வெட்டுக்குப் பழகிப்போன நமக்கு இந்த வேறுபாடு சாதாரணமானதன்று.

இத்தனை சில்லுகளைப் பார்த்ததும், “சிஸ்டர், இவற்றுள் எது சிறந்தது?” என்று நாங்கள் எல்லோரும் ஒரே குரலில் கேட்டோம். எங்கள் இயற்பியல் ஆசிரியையான அருட்சகோதரி பதில் சொல்லவில்லை. கரும்பலகையில், “வேலை என்ன?” என்று எழுதிவிட்டு அமர்ந்துவிட்டார். தெரிந்து வினையாடல் என்ற அதிகாரத்தில் வள்ளுவர் கற்பிப்பதும் இதுதான். வேலையை ஆராய்ந்து, அதை முடிக்க வல்லவர் யார் என்று ஆராய்ந்து, பிறகே அவரிடம் ஒப்படைக்க வேண்டும். கோபுரம் கட்ட நினைப்பவன் முதலில் உட்கார்ந்து செலவைக் கணக்கிட மாட்டானா என்று ஆண்டவர் கேட்ட கேள்வியும் நம் நினைவுக்கு வர வேண்டும். அன்று முதல் எங்கள் மன்றத்தில் ஒரு வழக்கம் ஏற்பட்டது. யாரும் சில்லின் பெயரை முதலில் சொல்லக் கூடாது. செய்ய வேண்டிய வேலையை ஒரு தாளில் எழுதி, அதன்கீழ் ஐந்து கேள்விகளுக்கு விடை எழுத வேண்டும். எத்தனை பொருள்களை இணைக்க வேண்டும்? அவை எத்தனை வோல்ட்டில் இயங்குபவை? மின்சாரம் எங்கிருந்து வரும்? தொலைவிலிருந்து பேச வேண்டுமா? பிழைத்தால் என்ன ஆகும்?

முதல் வேலை, தரையில் வரைந்த கறுப்புக் கோட்டைப் பின்பற்றி ஓடும் ரோபோ வண்டி. கோட்டைப் பார்க்க இரண்டு ஒளி உணரிகள், சக்கரங்களுக்கு இரண்டு மோட்டார்கள். ஊனோவே போதும் என்று விடை வந்தது. ஆனால் ஊனோவின் காலில் மோட்டாரை நேரே இணைக்கலாகாது. ஒரு காலிலிருந்து 20 மில்லி ஆம்பியர் எடுப்பது நலம்; 40 என்பது தாண்டக் கூடாத எல்லை. சின்ன மோட்டாருக்கே சில நூறு மில்லி ஆம்பியர் வேண்டும். தோல் கம்பெனியில் மேஸ்திரி தோலைத் தூக்குவதில்லை; தூக்குமாறு சொல்கிறார். அதுபோலச் சில்லு கட்டளையிடும். எல்298 என்ற ஓட்டிச் சில்லு சுமையை ஏற்கும். இந்த ஓட்டி ஏறத்தாழ 2 வோல்ட்டைத் தானே எடுத்துக்கொள்ளும் என்பதையும் கணக்கில் சேர்க்க வேண்டும். 6 வோல்ட் மின்கலத்தை இணைத்தால் மோட்டாருக்குக் கிடைப்பது 4 வோல்ட்தான். வண்டி மெதுவாக ஓடினால் நிரலைக் குறை சொல்வதற்கு முன் மின்கலத்தைப் பார்க்க வேண்டும்.

இரண்டாவது வேலை, மாடியிலுள்ள தண்ணீர்த் தொட்டி நிறைந்ததும் மணி அடிக்கும் கருவி. இதற்குப் பல புத்தகங்களில் எளிய வழி ஒன்று சொல்லப்படுகிறது: இரண்டு கம்பிகளைத் தொட்டியில் தொங்கவிட்டால், தண்ணீர் தொட்டதும் மின்சாரம் பாயும். நம் ஊர்ப் பக்கத்துக்கு இந்த வழி ஒத்துவராது. காரணம், நம் நிலத்தடி நீரில் ஏறிய உப்பு. 1996 ஆகஸ்ட் 28-ஆம் நாள் வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பை அருட்சகோதரி எங்களுக்குப் படித்துக் காட்டினார். தோல் பதனிடும் பகுதியில் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுமையாகவோ பயிரிடத் தகுதியற்றுப் போனதாக ஓர் ஆய்வு கூறியதை அத்தீர்ப்பு எடுத்துக்காட்டுகிறது. ஒரு கிலோ தோலைப் பதனிட்டு முடிக்க ஏறத்தாழ 35 லிட்டர் தண்ணீர் தேவைப்படுகிறது என்றும் அதில் இருக்கிறது. உப்பு நீரில் நேர் மின்னோட்டம் ஓயாமல் பாய்ந்தால் மின்னாற்பகுப்பு நடந்து, கம்பி அரித்துப்போகும். வேதியியல் பாடத்தில் தேர்வுக்காகப் படித்த மின்னாற்பகுப்பு, நம் வீட்டுத் தொட்டியிலேயே நடக்கிறது!

இதற்கு இரண்டு தீர்வுகள் உண்டு. ஒன்று, கம்பிகளுக்கு எப்போதும் மின்சாரம் தராமல், நிமிடத்திற்கு ஒருமுறை மட்டும் சில்லின் கால் வழியாகக் கொடுத்து, படித்து முடித்ததும் நிறுத்திவிடுவது. மற்றொன்று, தண்ணீரையே தொடாமல் மேலிருந்து ஒலியலை அனுப்பி எதிரொலி வரும் நேரத்தைக் கொண்டு மட்டத்தை அளப்பது. எச்.சி.-எஸ்.ஆர்.04 என்ற உணரி அப்படிச் செய்கிறது. இது 5 வோல்ட்டில் இயங்குவது. ஊனோவும் 5 வோல்ட். ஆகவே இரண்டும் ஒத்துப்போகும். இதே உணரியை 3.3 வோல்ட்டில் இயங்கும் இ.எஸ்.பி.32-உடன் இணைத்தால், எதிரொலிக் கால் தரும் 5 வோல்ட் அந்தச் சில்லைக் கெடுத்துவிடக்கூடும். இடையில் ஒரு கிலோ ஓம், இரண்டு கிலோ ஓம் என இரண்டு மின்தடைகளை வைத்து மின்னழுத்தத்தைப் பகிர வேண்டும். மூன்றில் இரண்டு பங்கு, அதாவது ஏறத்தாழ 3.3 வோல்ட், சில்லுக்குப் போய்ச் சேரும். பத்தாம் வகுப்பு ஓம் விதி ஒரு சில்லின் உயிரைக் காக்கிறது!

மின்கலத்தில் ஓடும் கருவியானால் இன்னொரு கணக்கும் வேண்டும். ஊனோ பலகை சும்மா இருந்தாலே ஏறத்தாழ 50 மில்லி ஆம்பியர் இழுக்கிறது. 2000 மில்லி ஆம்பியர்-மணி கொண்ட மின்கலம் 40 மணி நேரத்தில் தீர்ந்துவிடும். இரண்டு நாள் கூட வராது. அட்டைனி 85 உறங்கும்போது சில மைக்ரோ ஆம்பியரே செலவழிக்கிறது. நிமிடத்துக்கு ஒருமுறை விழித்துப் பார்த்துவிட்டு மீண்டும் உறங்கும்படி நிரல் எழுதினால், பலகையில் உள்ள மற்றப் பொருள்களும் உறங்குமாறு பார்த்துக்கொண்டால், அதே மின்கலம் மாதக்கணக்கில் வரும். இந்த வேலையில் சிறியதே பெரியதை வெல்கிறது.

மூன்றாவது வேலையைப் பற்றித்தான் நான் முக்கியமாக எழுத வேண்டும். அது என் அப்பா கொடுத்த வேலை. அவர் ஒரு தோல் கம்பெனியில் சுண்ணாம்புப் பிரிவில் வேலை பார்க்கிறவர். தண்ணீர்த் தொட்டி மணி எங்கள் வீட்டில் அடிக்கத் தொடங்கிய பிறகு, ஓரிரவு சாப்பிடும்போது அவர் கேட்டார்: “ஏம்மா, தண்ணி ரொம்பினா சொல்லுதே, அதுமாதிரி கழிவுக் குழியில காத்து கெட்டுப்போயிருந்தா சொல்லுமா?” அம்மா பரிமாறுவதை நிறுத்திவிட்டு என் முகத்தைப் பார்த்தார். நாளைக்குச் சொல்கிறேன் என்று அப்பாவிடம் சொன்னேன்.

அந்தக் கேள்வியின் கனம் நம் ஊர்க்காரர்களுக்குத் தெரியும். தோலிலுள்ள மயிரைக் களையச் சோடியம் சல்பைடும் சுண்ணாம்பும் சேர்ந்த கரைசல் பயன்படுகிறது. பிறகு வரும் கட்டத்தில் உப்பும் கந்தக அமிலமும் பயன்படுகின்றன. இந்த இரண்டு கழிவு நீரும் ஒரே குழியில் கலந்தால், சல்பைடு அமிலத்தோடு சேர்ந்து ஹைட்ரஜன் சல்பைடு வாயு கிளம்பும். அது காற்றைவிடக் கனமானது. குழியின் அடியில் தங்கும். முதலில் அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும். ஆனால் காற்றில் பத்து இலட்சத்தில் நூறு பங்கு அளவை எட்டும்போது மூக்கு மரத்துப்போய் நாற்றம் தெரியாமல் போய்விடும். “நாத்தம் போயிடுச்சு, இனி பயமில்லை” என்று நினைக்கும் நேரமே பேராபத்தின் நேரம். உள்ளே மயங்கி விழுந்தவரைத் தூக்க இறங்குகிறவரும் விழுகிறார். 2013-ஆம் ஆண்டுச் சட்டம், சாக்கடையையும் கழிவுத் தொட்டியையும் பாதுகாப்பின்றி மனிதரை இறக்கிச் சுத்தம் செய்வதைத் தடை செய்திருக்கிறது. அத்தகைய மரணத்துக்கான இழப்பீட்டை 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் 10 இலட்சம் ரூபாயிலிருந்து 30 இலட்சம் ரூபாயாக உயர்த்தியது. தொகை உயர்ந்தாலும் போன உயிர் போனதுதான்.

மறுநாள் அருட்சகோதரியிடம் கேட்டேன். அவர் ஆமென்றும் சொல்லவில்லை, இல்லையென்றும் சொல்லவில்லை. “ஐந்து கேள்விகளையும் எழுதிக்கொண்டு வா” என்றார். எழுதினேன். முதல் நான்குக்கும் எளிதாக விடை கிடைத்தது. எம்.க்யூ.136 என்ற வாயு உணரி ஒன்று, மணி ஒன்று, ஊனோ ஒன்று. கால்கள் போதும், வோல்ட் பொருந்தும், விலையும் கட்டுப்படியாகும். ஐந்தாவது கேள்வியில்தான் பேனா நின்றது. பிழைத்தால் என்ன ஆகும்?

அந்த உணரியைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் படித்தேன். அதனுள் ஒரு சிறிய சூடேற்றி இருக்கிறது. சூடான உலோக ஆக்சைடின் மின்தடை, வாயு பட்டால் மாறுகிறது. ஆனால் ஒரு வாயுவுக்கு மட்டுமன்று, வேறு பல வாயுக்களுக்கும் மாறுகிறது. காற்றின் ஈரத்துக்கும் வெப்பத்துக்கும் கூட மாறுகிறது. புதிய உணரியை ஒரு நாளுக்குக் குறையாமல் சூடேற்றி வைத்த பிறகே அதன் அளவு ஓரளவு நிலைக்கும். ஊனோ அதைப் படித்து 0 முதல் 1023 வரை ஓர் எண்ணைத் தருகிறது. 430 என்று காட்டினால் என்ன பொருள்? அளவு தெரிந்த வாயுவைச் செலுத்தி ஒப்பிட்டுப் பார்க்காதவரை அது வெறும் எண். அத்தகைய வாயு பள்ளி ஆய்வகத்தில் வைக்கக்கூடிய பொருளன்று.

எல்லாவற்றையும்விட என்னை நடுங்க வைத்தது வேறொன்று. கம்பி அறுந்தாலும், சூடேற்றி எரிந்துபோனாலும், உணரியின் முகத்தில் சேறு அடைத்தாலும், என் மணி அடிக்காது. காற்று சுத்தமாக இருந்தாலும் அடிக்காது. குழியின் ஓரத்தில் நிற்கிறவருக்கு இந்த இரண்டு மௌனங்களுக்கும் வேறுபாடு தெரியாது. சில்லுக்குள் காவல் கடிகாரம் ஒன்று உண்டு. நிரல் எங்கேனும் சிக்கி நின்றுவிட்டால் அது சில்லை மீண்டும் எழுப்பிவிடும். நல்ல ஏற்பாடுதான். ஆனால் சில்லு விழித்திருக்கிறதா என்று மட்டுமே அதற்குத் தெரியும். உணரியின் முகத்தில் சேறு இருப்பது தெரியாது.

அன்று இரவு அப்பாவிடம், “இல்லப்பா, நான் செய்யறது சொல்லாது. சொல்லாம இருந்தா அதை நம்பி யாரும் இறங்கிடக் கூடாது” என்று சொன்னேன். அவர் ஏமாற்றம் அடைவார் என்று நினைத்தேன். அவர் சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, “அப்ப எது சொல்லும்?” என்று கேட்டார். ஹைட்ரஜன் சல்பைடுக்கென்றே செய்யப்பட்டு, சான்று பெற்று, குறித்த காலந்தோறும் சரிபார்க்கப்படும் அளவுமானிகள் இருக்கின்றன என்றும், அவற்றில் உயிர்வளி குறைந்தாலும் காட்டும் வகை உண்டு என்றும், அளவுமானியோடு காற்றூதியும் கயிறும் மேலே நிற்கும் ஆளும் பயிற்சியும் வேண்டும் என்றும் நான் படித்ததைச் சொன்னேன். அவர் அதை ஒரு தாளில் எழுதித் தரச் சொன்னார். எழுதித் தந்தேன். மறுநாள் காலை அதை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வேலைக்குப் போனார்.

ஆண்டு விழாக் கண்காட்சியில் அந்த உணரியையும் வைத்தோம். அது எப்படி வேலை செய்கிறது என்று காட்டுவதற்காக மட்டும். பக்கத்தில் அருட்சகோதரி மாதிரியைவிடப் பெரிய அட்டையில் எழுதி வைத்தார்: “இது பாடம், பாதுகாப்புக் கருவி அன்று. இதை நம்பி எந்தக் குழியிலும் இறங்கக் கூடாது.” பெற்றோர்களில் மூன்று பேர் அதன் விலையைக் கேட்டார்கள். மூவருமே தோல் கம்பெனிகளில் வேலை பார்ப்பவர்கள். ஓடும் ரோபோ வண்டியை விட்டுவிட்டு இதன் விலையை ஏன் கேட்டார்கள் என்பதை அங்கிருந்த மாணவியர் அனைவரும் புரிந்துகொண்டோம். ஒவ்வொருவருக்கும் அட்டையைப் படித்துக் காட்டி, அப்பாவுக்கு எழுதித் தந்ததைப் போலவே ஒரு தாளையும் கொடுத்தனுப்பினோம்.

ஆகவே தங்கையரே, மைக்ரோகண்ட்ரோலரைக் கற்க விரும்பும் உங்களுக்கு நான் சொல்லக்கூடியவை இவை. முதல் நாளில் ஒரு சிறு விளக்கை மினுக்கச் செய்யுங்கள். அது மினுங்கினால் பலகையும் கம்பியும் கணிப்பொறியும் சரியாக இருக்கின்றன என்று பொருள். விளக்கோடு ஒரு மின்தடையை வைக்க மறவாதீர்கள். ஆர்டுயினோவின் வரைபடம் யாவர்க்கும் திறந்தது என்பதால் பல நிறுவனங்கள் அதைப் போன்ற பலகைகளைச் செய்கின்றன. சென்னை ரிச்சி தெருவில் அவை குறைந்த விலையில் கிடைக்கும். தொடக்கத்துக்கு அவை போதும். சதுரமான 9 வோல்ட் மின்கலத்தைக் கொண்டு மோட்டாரை ஓட்ட முயலாதீர்கள். அதற்கு அந்த வலிமை இல்லை. ஈயம் கலந்த பற்றாசைத் தொட்டபின் கைகளைச் சோப்பிட்டுக் கழுவாமல் உணவைத் தொடாதீர்கள். வீட்டின் 230 வோல்ட் மின்சாரத்தோடு எதையும் நீங்களாக இணைக்காதீர்கள். வேலை முடியாவிட்டால் பெரிய சில்லை வாங்குவதற்கு முன், இருக்கும் சில்லை முழுதும் பயன்படுத்தினோமா என்று பாருங்கள். எந்த வேலைக்கும் ஐந்தாவது கேள்வியைக் கேளுங்கள். பிழைத்தால் தொட்டி வழியும் என்றால் துணிந்து செய்யுங்கள். பிழைத்தால் ஓர் உயிர் போகும் என்றால், அதற்கென்று கற்றவர்களிடமும் சான்று பெற்ற கருவிகளிடமும் விட்டுவிடுங்கள். அவர்களுள் ஒருத்தியாக வளர வேண்டும் என்ற ஆசை எனக்கு இருக்கிறது, உங்களுக்கும் வரட்டும்.

தாலந்து உவமையில் எசமானர் ஒருவனுக்கு ஐந்தும், ஒருவனுக்கு இரண்டும், ஒருவனுக்கு ஒன்றும், அவரவர் திறமைக்கு ஏற்பக் கொடுத்தார். ஐந்தைப் பெருக்கியவனுக்குக் கிடைத்த பாராட்டும் இரண்டைப் பெருக்கியவனுக்குக் கிடைத்த பாராட்டும் ஒன்றுதான். ஒரு சொல்கூடக் குறையவில்லை. எட்டுக் கால் சில்லு தொட்டியைக் காக்கிறது. அதனால் ஆகாததை அதனிடம் நாம் கேட்காதவரை அது உண்மையுள்ள ஊழியன்.

அறிவியல் மன்றம் சனிக்கிழமை பிற்பகலில் கூடுகிறது. வர விரும்பும் தங்கையர் எதையும் வாங்கிக்கொண்டு வர வேண்டாம். செய்ய நினைக்கும் வேலையை ஒரு தாளில் எழுதி, கீழே ஐந்து கேள்விகளுக்கு இடம் விட்டுக் கொண்டு வாருங்கள். சில்லை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.